கணக்குக் கேட்கலாமா?

கடன் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்பவனுக்கும், பொதுப் பணத்துக்குக் கணக்குக் கேட்பவனுக்கும் இவ்வுலகில் நண்பர்கள் குறைவு. இருவரும் கேட்பது நியாயந்தான். ஆயினும் கேட்கப்பட்டவனுடைய முகம் சிவந்துவிடுகிறது. "என்மேல் உனக்கு நம்பிக்கை இல்லையா?" என்று ஒரே வார்த்தையில் கேட்டவனைக் குற்றவாளியாக்கி, தான் சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கி நீதிபதியின் ஆசனத்தில் உட்கார்ந்துகொள்கிறான். இந்த வித்தை எனக்குத் தெரியாது என்றே நெடுநாள் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் பிழை என்று காட்டியது எங்கள் பள்ளிக்கூடத்துப் பரஸ்பர சகாய நிதியின் நோட்டுப் புத்தகம். அமெரிக்க ஜனாதிபதியின் வருமான வரிக் கணக்கைப்பற்றி எழுத உட்கார்ந்தவன் நோட்டுப் புத்தகத்தைப்பற்றிப் பேசுவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே கதை என்பதே நான் சொல்லவந்த விஷயம்.

எங்கள் பள்ளியில் உபாத்தியாயர்களும் சிப்பந்திகளுமாக 26 பேர் சேர்ந்து ஒரு நிதி நடத்துகிறோம். மாதம் ஆளுக்கு 500 ரூபாய் போடுவது. அவசரம் நேர்ந்தவர் அதிலிருந்து கடன் வாங்கித் தவணையாகக் கட்டுவது. அதற்குப் பொருளாளர் அடியேன். ஐந்து வருஷ காலம் ஒருவரும் என்னிடம் கணக்குக் கேட்டதில்லை. அதை என் நாணயத்துக்குக் கிடைத்த நற்சாட்சிப் பத்திரமாகவே நான் பாவித்து வந்தேன்.

ஒருநாள் புதிதாக வந்த டிராயிங் மாஸ்டர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

"சார், தவறாக எண்ணக் கூடாது. நிதிக் கணக்கை வருஷத்துக்கு ஒரு தடவை யாராவது இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் நல்லதல்லவா?" என்றார்.

"ஏன், என்மேல் சந்தேகமா?"

"ஐயையோ! இல்லை, சார். சந்தேகம் வருவதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டால் நல்லது என்றுதான்…"

அவர் சொன்னது பொன்னான வார்த்தை. ஆனால் பொன்னை எடை பார்க்கும் மனநிலையில் நான் இல்லை. 'நோட்டு வீட்டில் இருக்கிறது', 'பரீட்சை முடியட்டும்' என்று மூன்று வாரம் கடத்தினேன். நான் புழுங்குவதைக் கண்டு என் மனைவி, "அவர் கணக்குக் கேட்டதில் உங்களுக்குக் கோபமா, கேட்டவர் சின்னவர் என்பதில் கோபமா?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் மத்தியான இடைவேளையில் நோட்டைக் கொண்டுபோய் உபாத்தியாயர் அறை மேஜைமீது விரித்துப் போட்டேன். "பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் தாராளமாகப் பார்த்துக்கொள்ளலாம்!" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன். ஏதோ பெரிய தியாகம் செய்துவிட்டதுபோல் ஒரு பெருமிதம். அதன் விளைவைப் பின்னால் சொல்லுகிறேன்.

அந்த நாட்களில்தான் அமெரிக்க விவகாரத்தை ஊன்றிப் படிக்கத் தொடங்கினேன். 'ஜனாதிபதியின் சொந்தக் கணக்கைக் கேட்கச் சட்டசபை அங்கத்தினர்களுக்கு என்ன அதிகாரம்?' என்று டொனால்டு டிரம்ப் மூன்று வருஷத்துக்குமேல் கோர்ட்டில் போராடியிருக்கிறார் என்றால், நான் மூன்று வாரம் முரண்டு பிடித்ததில் என்ன பிசகு? என் கட்சிக்கு அங்கே ஆதரவு கிடைக்கும் என்று நம்பினேன். படிக்கப் படிக்க என் கட்சி பலவீனப்பட்டுக்கொண்டே வந்தது.

* * *

1924 க்கு முன்பு அமெரிக்காவில் ஒருவருடைய வரிக் கணக்கைப் பிறர் பார்ப்பதற்கு அநுமதி தரும் அதிகாரம் ஜனாதிபதியின் கையிலேயே இருந்தது. காங்கிரஸ் ஒரு கணக்கைப் பார்க்க விரும்பினாலும் ஜனாதிபதியின் தயவையே நாட வேண்டும். (காங்கிரஸ் என்பது அந்நாட்டுச் சட்டசபையின் பெயர், நம் நாட்டுக் கட்சியுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இந்த ஏற்பாடு ஒழுங்காகத்தான் தோன்றியது, அரசாங்கத்துக்குள்ளேயே ஊழல் கிளம்பும் வரையில்.

வயோமிங் மாகாணத்தில் டீபாட் டோம் என்று ஓர் இடம். தேநீர்க் கெண்டியைப்போன்ற பாறை ஒன்று அருகில் இருந்ததால் வந்த பெயர். கடற்படைக்கென்று அங்கே ஒதுக்கி வைத்திருந்த எண்ணெய் நிலத்தை, உள்நாட்டு மந்திரி ஆல்பர்ட் ஃபால் 1922 இல் ஏலம் போடாமலே ஓர் எண்ணெய் முதலாளிக்குக் குத்தகைக்கு விட்டார். கைம்மாறாகப் பெருந்தொகை அவர் கைக்கு வந்தது. பிற்பாடு லஞ்சக் குற்றம் ருசுவாகி, 1931 இல் அவர் சிறைக்குப் போனார். கெண்டி சிறியதுதான்; அதிலிருந்து கிளம்பிய ஆவியோ தேசம் முழுவதையும் மூடிவிட்டது.

அதே காலத்தில் பொக்கிஷ மந்திரியாக இருந்தவர் ஆண்ட்ரூ மெல்லன். அமெரிக்காவின் பெருந்தனவந்தர்களில் ஒருவர். பாங்கு, அலுமினியம், எண்ணெய் என்று பல தொழில்களில் அவர் குடும்பத்துக்குப் பெரும் பங்கு உண்டு. வரி வசூலிக்கும் இலாகாவோ அவருடைய கையின்கீழ் இருந்தது. எஜமானருடைய கம்பெனியிடம் எந்தக் குமாஸ்தா கண்டிப்பாக வரி கேட்பான்? இந்தக் கேள்வியைத் துணிந்து கேட்டவர் ஸெனட் சபை அங்கத்தினர் ஜேம்ஸ் கௌஸன்ஸ். அவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். மெல்லனுடைய குடியரசுக் கட்சியையே சேர்ந்தவர். வரி இலாகாவை விசாரிக்க ஏற்பட்ட கமிட்டியில் முன்னின்று உழைத்தார்.

அவருக்குக் கிடைத்த சன்மானம் என்ன தெரியுமா? அவர் முன்பு ஃபோர்டு மோட்டார் கம்பெனியில் பங்குதாரராக இருந்து, 1919 இல் தம் பங்கை விற்றிருந்தார். அந்தப் பழைய விற்பனையைக் கிளறி, இன்னும் சுமார் ஒரு கோடி டாலர் வரி கட்ட வேண்டும் என்று 1925 இல் வரி இலாகா அவருக்குச் சீட்டு நீட்டியது! வழக்கு நடந்தது. பாக்கி ஒன்றும் இல்லை, அவர் அதிகமாகவே கட்டியிருக்கிறார் என்று 1928 இல் தீர்ப்பாயிற்று. கணக்குக் கேட்டவனிடம் திருப்பிக் கணக்குக் கேட்பது பழைய வழக்கம் என்பதை நேயர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நானும் அந்த மூன்று வாரத்தில், டிராயிங் மாஸ்டர் தம் மாதச் சந்தாவைத் தேதி தவறாமல் கட்டியிருக்கிறாரா என்று நோட்டைப் புரட்டிப் பார்த்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

இந்தச் சூழ்நிலையில்தான் 1924 ஆம் வருஷத்து வரிச் சட்டத்தில் ஒரு புதிய விதி சேர்க்கப்பட்டது. பிரதிநிதிகள் சபையின் 'வேஸ் அண்ட் மீன்ஸ்' என்னும் வரிக் கமிட்டியோ, ஸெனட் சபையின் நிதிக் கமிட்டியோ கேட்டால், எவருடைய வரிக் கணக்கையும் பொக்கிஷ மந்திரி கொடுக்க வேண்டும் என்பது விதி. இதில் கவனிக்க வேண்டிய சொல் ஒன்று உண்டு. நான் ஆங்கில உபாத்தியாயர். ஆகையால் அந்தச் சொல் என் கண்ணில் பளிச்சென்று பட்டது. 'மே' என்றால் கொடுக்கலாம். 'ஷல்' என்றால் கொடுக்க வேண்டும். சட்டத்தில் இருப்பது 'ஷல்'. இருபது வருஷமாக இந்த வித்தியாசத்தைப் பையன்களுக்குச் சொல்லிவருகிறேன். ஒரு ஜனாதிபதியே அந்தச் சொல்லில் இடறி விழுந்தார் என்று சொன்ன பிறகுதான் பின் பெஞ்சியில் இருந்தவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அதே சட்டம் இன்னொரு காரியமும் செய்தது. வரி கட்டுவோர் ஒவ்வொருவரும் எவ்வளவு கட்டினார் என்பதை ஊரார் பார்க்கலாம் என்றது. பத்திரிகைகள் பெயரும் தொகையுமாகப் பத்தி பத்தியாக அச்சிட்டுத் தள்ளின. ஜனங்கள் அண்டை வீட்டாரின் வரியை ஆவலுடன் படித்தார்கள். பெருங்கூச்சல் கிளம்பியது. 1926 இல் அந்த ஏற்பாடு ரத்தாயிற்று. ஆனால் கமிட்டி கேட்டால் கொடுக்க வேண்டும் என்ற விதி மட்டும் நிலைத்துவிட்டது. பொறுப்புள்ளவர்கள் பரிசீலிப்பது வேறு, தெருவில் விரிப்பது வேறு என்பதை அந்த தேசம் இரண்டே வருஷத்தில் கற்றுக்கொண்டது. நான் கற்றுக்கொள்ள ஒரு மனுஷியின் மனம் புண்பட வேண்டியிருந்தது.

* * *

அரை நூற்றாண்டு கழித்து ரிச்சர்டு நிக்ஸன் ஜனாதிபதியாக இருந்தார். வருஷத்துக்கு இரண்டு லட்சம் டாலர் சம்பளம். 1970 இல் அவர் கட்டிய வருமான வரி 792 டாலர் சொச்சம், 1971 இல் 878 டாலர் சொச்சம் என்று 1973 அக்டோபரில் பிராவிடென்ஸ் நகரத்துப் பத்திரிகை ஒன்று வெளியிட்டது. வரி இலாகாவிலிருந்து கசிந்த விஷயம் அது. சாதாரணக் குடும்பஸ்தன் கட்டுகிற வரியை ஜனாதிபதி கட்டவில்லையே என்று தேசம் திகைத்தது. நவம்பர் 17 ஆம் தேதி பத்திரிகை ஆசிரியர்கள் கூடியிருந்த சபையில், தாம் மோசடிக்காரர் அல்ல என்று நிக்ஸன் வாய்விட்டுச் சொல்லவேண்டிய நிலை வந்தது. வாட்டர்கேட் விவகாரத்துக்காகச் சொன்னதென்றே பலரும் இதை நினைவு வைத்திருக்கிறார்கள். உண்மையில் சொந்தப் பணத்தைப்பற்றிய பேச்சின் நடுவில் வந்த வார்த்தை அது.

டிஸம்பரில் நிக்ஸன் தம் கணக்குகளைத் தாமே வெளியிட்டு, காங்கிரஸின் இரு சபைகளுக்கும் பொதுவான வரிக் கமிட்டி பரிசீலிக்கட்டும் என்று ஒப்படைத்தார். உபஜனாதிபதியாக இருந்த காலத்துக் காகிதங்களைத் தேசிய ஆவணச்சாலைக்குத் தானம் செய்ததாகக் காட்டி, சுமார் 5,76,000 டாலர் வரிவிலக்குக் கோரியிருந்தார். அத்தகைய தானத்துக்கு விலக்கு 1969 ஜூலை 25 உடன் முடிந்துவிட்டது. தானப் பத்திரம் தயாரானதோ 1970 இல். அதில் போட்டிருந்த தேதி 1969 மார்ச். கமிட்டியின் சிப்பந்திகள் இதைக் கண்டுபிடித்தார்கள். வட்டியுடன் 4,76,431 டாலர் பாக்கி என்று 1974 ஏப்ரல் 3 ஆம் தேதி அறிக்கை வெளியாயிற்று. கட்டிவிடுகிறேன் என்றார் நிக்ஸன்.

இதில் மிக முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. கமிட்டி பார்ப்பதற்குச் சில மாதம் முன்பு, 1973 இல், வரி இலாகா இதே ஜனாதிபதியின் 1971, 1972 ஆம் வருஷக் கணக்குகளைப் பார்த்து, 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று கடிதம் கொடுத்திருந்தது! இலாகாவில் இருந்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. எஜமானருடைய பெட்டியைத் திறக்கிற சேவகனுக்குக் கை நடுங்கத்தானே செய்யும்? ஆகவே, ஜனாதிபதியின் கணக்கை அவருக்குக் கீழ்ப்படியாத ஒருவர் பார்க்க வேண்டும் என்பது, அவர் யோக்கியரா அயோக்கியரா என்ற கேள்வியே அல்ல. யோக்கியராக இருந்தாலும் பார்க்க வேண்டும். என் டிராயிங் மாஸ்டர் சொன்னதும் இதைத்தானே?

இவ்வனுபவத்தினால் இரண்டு மாறுதல்கள் ஏற்பட்டன. நிக்ஸன் காலத்தில் அரசியல் விரோதிகளைத் துன்புறுத்த வரி இலாகாவைப் பயன்படுத்தப் பார்த்தார்கள் அல்லவா? அதைத் தடுக்க 1976 இல் காங்கிரஸ் வரிக் கணக்குகளுக்குப் பலமான பூட்டுப் போட்டது. அநுமதியின்றி வெளியிடுகிறவருக்கு ஐந்து வருஷம் வரை சிறைவாசம். ஆனால் 1924 இல் வைத்த சாவியை மட்டும் வரிக் கமிட்டிகளிடமே விட்டுவைத்தது. பெயர் தெரியும்படியான விவரமானால் மூடிய அறையில் பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை. இரண்டாவதாக, ஜனாதிபதி, உபஜனாதிபதி இருவருடைய கணக்குகளையும் வருஷந்தோறும் கட்டாயமாகத் தணிக்கை செய்வது என்று 1977 இல் வரி இலாகா வழக்கம் ஏற்படுத்தியது. இது சட்டம் அல்ல, இலாகாவின் உள்விதி. இவற்றோடு, ஜனாதிபதிகள் தாங்களாகவே தங்கள் வரிக் கணக்கை வெளியிடும் சம்பிரதாயமும் வேரூன்றியது.

* * *

2016 தேர்தலில் டிரம்ப் அந்தச் சம்பிரதாயத்தைப் பின்பற்ற மறுத்தார். தணிக்கை நடந்துகொண்டிருக்கிறது, ஆகையால் காட்டமாட்டேன் என்றார். சம்பிரதாயந்தானே, மீறினால் தண்டனை இல்லை. 2019 இல் பிரதிநிதிகள் சபை ஜனநாயகக் கட்சியின் வசமாயிற்று. வரிக் கமிட்டியின் தலைவர் ரிச்சர்டு நீல், ஏப்ரல் 3 ஆம் தேதி — நிக்ஸன் அறிக்கை வெளியாகிச் சரியாக 45 வருஷம் கழித்து — டிரம்பின் ஆறு வருஷத்துக் கணக்குகளைக் கேட்டுக் கடிதம் எழுதினார். கட்டாயத் தணிக்கை ஒழுங்காக நடக்கிறதா, அதற்குச் சட்டம் தேவையா என்று ஆராயவே கேட்பதாகச் சொன்னார். பொக்கிஷ மந்திரி ஸ்டீவன் மினூச்சின் மே மாதம் மறுத்துவிட்டார். கமிட்டி சம்மன் அனுப்பியது. அதுவும் பலிக்கவில்லை. ஜூலையில் வழக்கு ஆரம்பமாயிற்று.

டிரம்பின் கட்சியை நாம் அலட்சியம் செய்யக் கூடாது. 'சட்டம் இயற்றுவதற்கு என்பதெல்லாம் சாக்கு. என்னை அவமானப்படுத்துவதே நோக்கம். இன்று என்னிடம் கேட்பவர்கள் நாளை எவனுடைய கணக்கையும் கேட்பார்கள்' என்பது வாதம். சட்டசபை என்பது போலீஸும் அல்ல, கோர்ட்டும் அல்ல. ஒருவனைத் தண்டிப்பதற்காக அவன் பெட்டியைத் திறக்க அதற்கு உரிமை இல்லை என்பது அமெரிக்க நீதிபதிகளே ஒப்புக்கொண்ட கொள்கை. 2020 ஜூலை 9 ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு வேறொரு வழக்கில் இதை வற்புறுத்தியது. டிரம்பின் கணக்கர்களான மேஸார்ஸ் கம்பெனியிடம் சில கமிட்டிகள் கேட்ட காகிதங்களைப்பற்றியது அவ்வழக்கு. ஜனாதிபதியின் சொந்தக் காகிதங்களைக் காங்கிரஸ் கேட்கலாம். ஆனால் வேறு இடத்தில் கிடைக்காததா, தேவைக்கு மேல் கேட்கிறதா, சட்டம் செய்யும் நோக்கத்துக்கு ஆதாரம் உண்டா, ஜனாதிபதிக்கு எவ்வளவு சுமை என்பவற்றை எடைபோட வேண்டும் என்று ஏழு நீதிபதிகள் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாகத் தீர்ப்பளித்தார்கள். கேட்கும் உரிமையும் உண்டு. அந்த உரிமைக்கு எல்லையும் உண்டு.

வரிக் கமிட்டியின் நிலைமை இன்னும் பலமானது. அதன் கையில் 'ஷல்' என்ற சொல் இருந்தது. அரசாங்கம் மாறிய பிறகு, 2021 ஜூலையில் நீதி இலாகா தன் பழைய அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டு, கணக்கைக் கொடுக்கத்தான் வேண்டும் என்றது. டிஸம்பரில் நீதிபதி டிரெவர் மெக்ஃபாடன் டிரம்பின் வாதத்தைத் தள்ளினார். அவர் டிரம்பே நியமித்த நீதிபதி என்பதைக் குறிப்பிட வேண்டும். 2022 ஆகஸ்டில் அப்பீல் கோர்ட்டும் அவ்வாறே தீர்ப்பளித்தது. கேட்பவரின் மனத்தில் அரசியல் எண்ணமும் இருக்கலாம். சட்டம் செய்வதற்கான தேவை மெய்யாக இருக்குமானால், கூடவே வேறு எண்ணம் இருப்பதனால் கோரிக்கை கெட்டுவிடாது என்பது தீர்ப்பின் சாரம். நவம்பர் 22 ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டும் தலையிட மறுத்தது. சில தினங்களில் கணக்குகள் கமிட்டிக்கு வந்து சேர்ந்தன.

பார்த்ததில் என்ன தெரிந்தது? 2016, 2017 இரு வருஷங்களிலும் டிரம்ப் கட்டிய மத்திய வருமான வரி 750 டாலர் வீதம். 2018 இல் ஏறக்குறைய 10 லட்சம் டாலர் கட்டியிருந்தார். 2020 இல் ஒன்றும் இல்லை. தொழிலில் பெருநஷ்டங்கள் காட்டியிருந்தார். ஆனால் எனக்கு இந்தத் தொகைகளைக் காட்டிலும் முக்கியமாகப்பட்டது வேறு. கட்டாயத் தணிக்கை என்று 1977 முதல் சொல்லிவந்த வழக்கம், 2017, 2018 ஆகிய இரண்டு முழு வருஷங்களில் டிரம்ப் விஷயத்தில் நடக்கவே இல்லை. அவருடைய கணக்கைப் பரிசீலிக்கப் போகிறோம் என்று வரி இலாகா முதல் கடிதம் அனுப்பிய தேதி 2019 ஏப்ரல் 3. நீல் கடிதம் எழுதிய அதே தினம்! கணக்குக் கேட்கிற குரல் காதில் விழுந்த பிறகே சேவகனுக்குப் பெட்டியின் ஞாபகம் வந்தது என்று தோன்றவில்லையா? இந்த ஒன்றே, கேட்டது சரி என்பதற்குப் போதுமான அத்தாட்சி என்று நான் கருதுகிறேன்.

இன்னொரு பாடமும் இதில் உண்டு. நிக்ஸன் கணக்கு கசிந்துதான் வெளிவந்தது. டிரம்பின் 750 டாலர் விவரமும் 2020 செப்டம்பரிலேயே நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் வந்துவிட்டது. டிரம்ப் கணக்குகளை இரகசியமாக எடுத்துக் கொடுத்த, வரி இலாகாவுக்காக வேலை செய்த ஒருவர் 2024 ஜனவரியில் ஐந்து வருஷச் சிறைத்தண்டனை அடைந்தார். வாசற்கதவை அடைத்துவைத்தால் சுவரில் கன்னம் விழுகிறது. கன்னம் வைத்தவனைத் தண்டிப்பது நியாயமே; ஆனால் கதவை அடைத்துவைத்தவர்கள் தங்கள் பங்கையும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

* * *

இவ்வளவு தூரம் நான் கமிட்டியின் பக்கம். இனிமேல்தான் எனக்குத் தயக்கம். 2022 டிஸம்பர் 20 ஆம் தேதி, பிரதிநிதிகள் சபையில் ஜனநாயகக் கட்சியின் பெரும்பான்மை முடிய இரண்டு வாரமே இருந்தபோது, 24 வோட்டுக்கு 16 வோட்டாகக் கமிட்டி அந்தக் கணக்குகளை உலகத்துக்கே வெளியிடத் தீர்மானித்தது. டிஸம்பர் 30 ஆம் தேதி சுமார் 6,000 பக்கங்கள் வெளியாயின. சட்டப்படி அதற்குக் கமிட்டிக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்த நீதிபதி மெக்ஃபாடனே, அப்படி வெளியிடுவது விவேகமாகாது, செய்தவரையே திரும்பிவந்து வருத்தும் என்ற கருத்தை எழுதிவைத்திருந்தார். பிரதிநிதிகள் சபை ஜனாதிபதியின் தணிக்கையைச் சட்டமாக்கும் மசோதாவை டிஸம்பர் 22 ஆம் தேதி 222 க்கு 201 என்ற கணக்கில் நிறைவேற்றியது. ஸெனட் சபையில் அது எடுத்துக்கொள்ளப்படவே இல்லை. ஊரார் படித்து வியக்க 6,000 பக்கம் கிடைத்தது; எதற்காகக் கணக்குக் கேட்டார்களோ அந்தச் சட்டம் கிடைக்கவில்லை. டிரம்ப் 2025 ஜனவரியில் மீண்டும் ஜனாதிபதியானார்.

ஜனாதிபதியாக வர விரும்புகிறவன் தன் கணக்கை ஜனங்களுக்குத் தானே காட்டுவது அழகு. அப்படிக் காட்ட வேண்டும் என்று எல்லாருக்கும் பொதுவாகச் சட்டம் செய்வது இன்னும் அழகு. நம் தேசத்தில் 2002 இல் சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பின் பயனாக, தேர்தலுக்கு நிற்பவர்கள் தங்கள் சொத்தையும் கடனையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தருகிறார்கள். அதில் யாருக்கும் அவமானம் இல்லை. ஏனெனில் எல்லாருக்கும் ஒரே விதி. பொதுவிதியின்றி, ஒருவனுடைய பெட்டியை மட்டும் எதிரிகள் திறந்து கொட்டும்போது, நியாயத்தோடு பழியும் கலந்துவிடுகிறது. அந்தக் கலப்பு எவ்வளவு கசப்பானது என்பதை நான் என் நோட்டுப் புத்தகத்தில் படித்தேன்.

நான் கோபத்தில் மேஜைமீது விரித்துப்போட்ட அன்று, டிராயிங் மாஸ்டர் அந்த நோட்டைத் தொடவில்லை. மற்றவர்கள் தொட்டார்கள். அதில் என் கணக்கு மட்டுமா இருந்தது? யார் எப்போது என்ன காரணத்துக்காகக் கடன் வாங்கினார் என்று என் அழகான கையெழுத்தில் வரிசையாக எழுதியிருந்தேன். எங்கள் தையல் ஆசிரியை தம் மகனுடைய வைத்தியத்துக்காக 40,000 ரூபாய் வாங்கியிருந்தார். இன்ன வியாதி என்பதையும் நான் குறித்துவைத்திருந்தேன். அதை அவர் எங்களில் எவரிடமும் சொன்னதில்லை. பொருளாளர் என்பதனால் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். சாயங்காலத்துக்குள் பள்ளி முழுவதும் தெரிந்துவிட்டது.

அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, மிச்சம் இருந்த 22,000 ரூபாயை ஒரே தடவையாகக் கொண்டுவந்து மேஜைமீது வைத்தார். "எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள், சார்" என்றார். பணத்தை எண்ணும்போது அவருடைய கையைப் பார்த்தேன். எப்போதும் இருந்த இரண்டு வளையல்கள் அன்று இல்லை.

டிராயிங் மாஸ்டர் பிறகு ஒருநாள், பள்ளி விட்டபின், என் எதிரிலேயே உட்கார்ந்து கணக்கைப் பார்த்தார். ஓர் இடத்தில் பென்சிலால் சிறு புள்ளி வைத்து என்பக்கம் திருப்பினார். வீட்டுக் கூரை பழுதுபார்க்க நான் வாங்கிய கடனில் ஒரு தவணை, 1,500 ரூபாய், இரண்டு முறை வரவாகியிருந்தது. நாணயஸ்தன் என்று ஐந்து வருஷம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தவன் நிதிக்கு 1,500 ரூபாய் பாக்கி! வேண்டுமென்று செய்ததல்ல. ஆனால் யாரும் பார்த்திராவிட்டால் அது என் பணமாகவே போயிருக்கும். அவர், "கைப்பிசகு, சார்" என்றார். மறுநாளே கட்டினேன்.

இப்போது ஒவ்வோர் ஏப்ரலிலும் இரண்டு பேர், வருஷத்துக்கு ஒருவர் மாறி, மூடிய அறையில் கணக்கைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். கடன் வாங்கியவர் பெயருக்குப் பதில் எண் எழுதுகிறோம். காரணம் எழுதுவதே இல்லை. கணக்குக் கேட்கலாமா என்றால், கேட்கலாம், கேட்டே தீரவேண்டும், கேட்கப்பட்டவன் கொடுத்தே தீரவேண்டும். கேட்பவர் கையில் வந்த பிறகு அந்தக் கணக்கு அவரிடம் வைத்த அடைக்கலப் பொருள். இந்த இரண்டில் முதல் பாதியை டிராயிங் மாஸ்டரிடம் கற்றேன். இரண்டாவது பாதியைக் கற்பித்தவர் அதற்குப் பிறகு நிதியில் ஒரு ரூபாயும் கடன் வாங்கவில்லை. அந்த வளையல்கள் மீண்டனவா என்று கேட்கும் துணிவு எனக்கு இன்றுவரை வரவில்லை.